ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப்: வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் கொடுப்பது ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப். இதை வாங்கப் போகிறவர்கள் எந்தக் கம்பெனி என்று கேட்பதைவிட எத்தனை கிலோவாட் என்று கேட்பதுதான் அதிகம். அந்தக் கேள்விதான் முக்கியமானதும்கூட. நல்ல கம்பெனியின் தவறான சைஸை விட, சுமாரான கம்பெனியின் சரியான சைஸ் நன்றாக ஓடும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சைஸ் என்றால் என்ன? வெளியே வைக்கும் பெட்டியின் அளவா?

இல்லை. அந்த இயந்திரம் ஒரு நேரத்தில் எவ்வளவு வெப்பம் கொடுக்கும் என்பதுதான் சைஸ். அதைக் கிலோவாட்டில் சொல்வார்கள். 6 கிலோவாட் ஹீட் பம்ப் என்றால் 6 கிலோவாட் மின்சாரம் இழுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது வெளியே வரும் வெப்பத்தின் கணக்கு. மிதமான குளிரில் அந்த 6 கிலோவாட்டைக் கொடுக்க ஏறக்குறைய ஒன்றரை முதல் 2 கிலோவாட் மின்சாரம் போதும், மீதி காற்றிலிருந்து வருகிறது. குளிர் ஏற ஏற மின்சாரத்தின் பங்கு கூடும்.

எங்கள் வீடு 120 சதுர மீட்டர். எத்தனை கிலோவாட் வேண்டும், ஒரே வரியில் சொல்லுங்களேன்.

பரப்பளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாஸிவ் ஹவுஸ் என்ற, வெப்பம் மிகக் குறைவாகவே வெளியேறும் தரத்தில் கட்டிய வீட்டுக்கு உச்சக் குளிரிலும் சதுர மீட்டருக்கு 10 வாட் போதும். சுவரிலும் கூரையிலும் இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அடுக்கு) எதுவும் இல்லாத பழைய வீட்டுக்கு அது 100 வாட்டைக்கூடத் தாண்டும். ஒரே 120 சதுர மீட்டர், ஒன்றுக்கு 1.2 கிலோவாட், இன்னொன்றுக்கு 12. சதுர மீட்டருக்கு இத்தனை என்று யாராவது வாய்க்கணக்கு சொன்னால், அந்த எண்ணை வைத்து எதையும் வாங்காதீர்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்றே ஒன்றுதான். நல்ல குளிர் நாளில் உங்கள் வீடு எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்பது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மட்டம் இறங்காமல் இருக்க, எவ்வளவு ஒழுகுகிறதோ அவ்வளவு ஊற்றினால் போதும், இல்லையா? குடம் எவ்வளவு பெரியது என்பது அங்கே கேள்வியே இல்லை.

சரி, அந்த வெப்ப இழப்பை எப்படிக் கணக்குப் போடுவது?

வெப்பம் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று சுவர், ஜன்னல், கூரை, தரை வழியாக. ஒவ்வொன்றுக்கும் யூ மதிப்பு என்று ஒரு எண் உண்டு: உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் போகிறது என்பது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு அது சுமார் 5. நல்ல இரட்டைக் கண்ணாடிக்கு 1.2 முதல் 1.6. இன்சுலேஷன் இல்லாத முழுச் செங்கல் சுவருக்கு சுமார் 2, நன்றாக இன்சுலேஷன் செய்த சுவருக்கு 0.2, 0.3. பரப்பளவால் பெருக்கி, வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். இரண்டாவது வழி காற்று. வீட்டின் கன அளவு, ஒரு மணி நேரத்தில் உள்ளே இருக்கும் காற்று எத்தனை முறை மாறுகிறது, வெப்பநிலை வித்தியாசம், இந்த மூன்றையும் பெருக்கி 0.33 ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு தளம், தளத்துக்கு 50 சதுர மீட்டர், 2.4 மீட்டர் உயரம். உள்ளே 20 டிகிரி செல்சியஸ், வெளியே மைனஸ் 2, வித்தியாசம் 22. சுவர் 100 சதுர மீட்டர், யூ 0.5: டிகிரிக்கு 50 வாட். ஜன்னல் 18 சதுர மீட்டர், யூ 1.6: சுமார் 29. கூரை 50 சதுர மீட்டர், யூ 0.2: 10. தரை 50 சதுர மீட்டர், யூ 0.5: 25. காற்று மணிக்கு அரை முறை மாறுகிறது, கன அளவு 240: சுமார் 40. மொத்தம் டிகிரிக்கு 154 வாட். 22 ஆல் பெருக்கினால் சுமார் 3.4 கிலோவாட். இந்த வீட்டைக் கீழே பல இடங்களில் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், எண்ணை நினைவில் வையுங்கள்.

இதில் பெரிய தவறு நடக்கும் இடம் காற்று. பழைய வீடு என்றால் மணிக்கு 1.5 முறை, 2 முறை என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் அட்டவணைகள் உண்டு. இடுக்குகளை அடைத்து ஜன்னல் மாற்றிய வீட்டுக்கு அதைப் போட்டால் இழப்பு எங்கேயோ போய்விடும். நம் உதாரணத்தில் அரை முறையை 1.5 ஆக்கிப் பாருங்கள், 3.4 கிலோவாட் 5.1 ஆகிவிடுகிறது. முடிந்தால் கதவில் மின்விசிறி வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் காற்றுக் கசிவுச் சோதனை செய்துகொள்ளுங்கள். ஊகத்தைவிட அளவு எவ்வளவோ மேல்.

வெளியே எத்தனை டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும்? இதுவரை வந்ததிலேயே மோசமான குளிருக்கா?

வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் வடிவமைப்பு வெப்பநிலை என்று ஒன்றை நிர்ணயித்திருப்பார்கள். பெரும்பாலும் ஆண்டில் 99 சதவீத நேரம் குளிர் அதற்குக் கீழே போகாது என்ற அளவு. ஐரோப்பாவில் ஈஎன் 12831, வட அமெரிக்காவில் மேனுவல் ஜே என்ற கணக்கு முறைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 1 சதவீதம் என்றால் சுமார் 88 மணி நேரம். அதுவும் பெரும்பகுதி நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் வரும். அந்த 88 மணி நேரத்துக்காக மற்ற 8,672 மணி நேரமும் பெரிய இயந்திரத்தை ஓட்டுவது சரியல்ல. அந்த நேரத்தில் என்ன ஆகும் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இப்போது இருக்கும் எரிவாயு பாய்லர் 28 கிலோவாட். அதற்குச் சமமாக வாங்க வேண்டாமா?

வேண்டவே வேண்டாம். தொட்டி இல்லாமல் குழாயைத் திறந்ததும் சுடுதண்ணீர் தரும் பாய்லர் அது. ஓடும் தண்ணீரை அந்த நொடியில் சூடாக்குவதற்காகத்தான் 28 கிலோவாட். வீட்டைச் சூடாக்க அதில் ஒரு சிறு பகுதியைத்தான் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள். ஹீட் பம்ப் சுடுதண்ணீரைத் தொட்டியில் நிதானமாகச் சேர்த்து வைக்கிறது, அதனால் அந்த எண்ணுக்கு இங்கே வேலை இல்லை.

இந்த யூ மதிப்பெல்லாம் எனக்கு வராது. பழைய எரிவாயு பில்லை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் பேப்பர் கணக்கைவிட இதை நான் அதிகம் நம்புவேன். வீடு உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை பில் சொல்கிறது. எளிய வழி இது: கடும் குளிரான ஒரு நாள், வீடு முழுவதையும் நாள் முழுக்க வழக்கமான வெப்பத்தில் வைத்து, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மீட்டரைப் பாருங்கள். 95 யூனிட் (கிலோவாட் மணி) எரிவாயு போயிருக்கிறது, பாய்லரின் திறன் 85 சதவீதம் என்றால், வீட்டுக்குள் வந்த வெப்பம் சுமார் 81 கிலோவாட் மணி. 24 ஆல் வகுத்தால் 3.4 கிலோவாட். சமையலுக்கும் குளியலுக்கும் போனதைக் கழித்தால் இன்னும் குறையும். அன்று வெளியே இருந்த சராசரி வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, வடிவமைப்பு வெப்பநிலைக்கு விகிதப்படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

குளிர்காலம் போய்விட்டது என்றால் ஆண்டு பில்லும், டிகிரி நாள் என்ற அளவும் போதும். வெளி வெப்பநிலை ஓர் அடிப்படை அளவுக்குக் கீழே எத்தனை டிகிரி, எத்தனை நாள் இருந்தது என்பதன் கூட்டுத்தொகை அது. சூடாக்க 10,000 கிலோவாட் மணி வெப்பம், அடிப்படை 15.5 டிகிரி, அந்த ஆண்டின் டிகிரி நாள் 2,200 என்று வையுங்கள். 10,000ஐ 24 ஆலும் 2,200 ஆலும் வகுத்தால் டிகிரிக்கு சுமார் 0.19 கிலோவாட். 15.5க்கும் மைனஸ் 2க்கும் உள்ள 17.5 டிகிரியால் பெருக்கினால் 3.3. மனிதர்களும் வெயிலும் தரும் இலவச வெப்பத்தை விட்டுவிட்டு முழு 22 டிகிரியால் பெருக்கினால் 4.2. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: செலவுக்குப் பயந்து பாதி வீட்டை மட்டும் சூடாக்கி வந்தவர்களுக்கு பில் குறைத்துத்தான் காட்டும்.

எதற்கு வம்பு, கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிட்டால் என்ன நஷ்டம்?

பாய்லர் காலத்தில் இந்த எண்ணத்தால் பெரிய பாதகம் இல்லை. ஹீட் பம்பில் உண்டு. குளிர்காலத்தின் பெரும்பகுதி உச்சக் குளிர் கிடையாது. நம் உதாரண வீட்டுக்கு வெளியே 8 டிகிரி இருக்கும்போது தேவை 1.85 கிலோவாட்தான். அங்கே 12 கிலோவாட் இயந்திரத்தை வைத்தால், அதன் மிகக் குறைந்த வேகத்திலேயே 4 கிலோவாட் கொடுக்கும். வெப்பத்தை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், கம்ப்ரஸர் நிற்கும், சில நிமிடத்தில் திரும்பக் கிளம்பும். நாள் முழுக்க இதே கதை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நிலைக்கு வர சில நிமிடம் ஆகிறது, அந்த நிமிடங்களில் மின்சாரம் போகும் அளவுக்கு வெப்பம் வராது. கம்ப்ரஸரும் சீக்கிரம் தேயும்.

விலை, இடம், சத்தம் எல்லாம் தனி. பெரிய வெளி யூனிட், பெரிய குழாய், தடிமனான மின்கம்பி, எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு மின்கட்டணமும் கூடுதலாகக் கட்டுவது எந்த வகையில் பாதுகாப்பு?

இன்வெர்ட்டர் என்கிறார்களே, அது தானாகக் குறைத்துக்கொள்ளாதா?

கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்புதான் இன்வெர்ட்டர். குறைத்துக்கொள்ளும், ஓர் எல்லை வரை. பல மாடல்கள் உச்ச அளவில் கால் பங்கு முதல் 40 சதவீதம் வரைதான் இறங்கும். அதனால் வாங்கும்போது உச்ச எண்ணோடு குறைந்தபட்ச எண்ணையும் கேளுங்கள். விற்பவர் தாளில் அது இல்லாவிட்டால் தொழில்நுட்பக் கையேட்டில் இருக்கும். வெளியே வெப்பம் கூடக் கூட அந்தக் குறைந்தபட்சமும் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். தேவை குறையும் நேரத்தில்தான் அது நடக்கிறது.

இன்னொரு விஷயம். ஒரே கம்ப்ரஸரை வைத்து, மென்பொருளில் மேல் எல்லையை மட்டும் மாற்றி, 2 அல்லது 3 சைஸாக விற்பதும் உண்டு. குறைந்தபட்சம் இரண்டுக்கும் ஒன்றேயானால், அவற்றில் பெரியதை எடுப்பதால் மேலே சொன்ன கெடுதல் வராது. 5க்கும் 7க்கும் நடுவில் தடுமாறுபவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பெட்டியில் 8 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. கடும் குளிரிலும் 8 கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. அந்த எண் பல நேரம் வெளியே 7 டிகிரி, தண்ணீர் 35 டிகிரி என்ற சுலபமான நிலையில் அளந்தது. மைனஸ் 7 டிகிரியில் 50 டிகிரித் தண்ணீர் கேட்டால் அதே இயந்திரம் 6க்குக் கீழேகூட இறங்கலாம். குளிரிலும் அளவு குறையாத மாடல்களும் இருக்கின்றன. ஆகவே பெயர்ப்பலகையை விட்டுவிட்டு அட்டவணையைப் பாருங்கள்: உங்கள் வடிவமைப்பு வெப்பநிலை, உங்கள் அறைகளில் வெப்பம் விடும் ரேடியேட்டருக்கு வேண்டிய தண்ணீர் வெப்பநிலை, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இருக்கும் எண்தான் உங்களுக்கான சைஸ்.

பூஜ்யத்தை ஒட்டிய ஈரமான குளிரில் வெளி யூனிட்டில் பனி படியும். அதைக் கரைக்க இயந்திரம் அவ்வப்போது திசையை மாற்றி, வீட்டிலிருந்தே கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இதை டிஃப்ராஸ்ட் என்பார்கள். அட்டவணை எண்ணில் அந்த இழப்பைக் கழித்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ஈரப்பதம் அதிகமான இடங்களில், மைனஸ் 5 டிகிரியின் வறண்ட குளிரைவிட 1 டிகிரியின் ஈரக் குளிர் இயந்திரத்தை அதிகம் சோதிக்கும்.

ரேடியேட்டருக்கும் ஹீட் பம்ப் சைஸுக்கும் என்ன சம்பந்தம்?

இயந்திரம் உண்டாக்கும் வெப்பத்தை அறைக்குள் இறக்குவது ரேடியேட்டர். ரேடியேட்டரின் அளவைப் பொதுவாக அறையைவிடத் தண்ணீர் சராசரியாக 50 டிகிரி கூடுதலாக இருக்கும் நிலையில் சொல்கிறார்கள். ஹீட் பம்பில் தண்ணீர் 45 டிகிரியில் போய் 40ல் திரும்பினால் வித்தியாசம் 22.5தான். அப்போது அந்த ரேடியேட்டர் சொன்ன அளவில் 35 சதவீதம்தான் கொடுக்கும். 55ல் போய் 50ல் திரும்பினால் 57 சதவீதம். அறைக்கு அறை இழப்பைக் கணக்கிட்டு, இந்த விகிதத்தில் எது போதவில்லையோ அதை மட்டும் மாற்றினால் போதும்.

இங்கே செலவு செய்வது வீணாகாது. தண்ணீர் வெப்பநிலையை 1 டிகிரி குறைத்தால் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் குறையும். தவறான சைஸ் ரேடியேட்டரைப் பெரிய ஹீட் பம்ப் வாங்கிச் சரிசெய்ய முடியாது. வெப்பம் இறங்க இடமில்லாமல் அது இன்னும் சீக்கிரம் நின்றுபோகும்.

சுடுதண்ணீருக்குத் தனியாக எவ்வளவு சேர்க்க வேண்டும்?

சாதாரணக் குடும்பத்துக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம். 200 லிட்டர் தொட்டியை 10லிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 9.3 கிலோவாட் மணி வேண்டும். 5 கிலோவாட் இயந்திரத்துக்கு 2 மணி நேரத்துக்கும் குறைவு. அந்த நேரம் வீட்டுக்கு வெப்பம் போகாது என்றாலும், அதற்குள் வீடு பெரிதாக ஆறிவிடாது. ஆட்கள் அதிகம், இழப்போ மிகக் குறைவு என்ற வீடுகளில் மட்டும் சுடுதண்ணீர் சைஸைத் தீர்மானிக்கலாம். அங்கேயும் பெரிய தொட்டி வாங்குவதுதான் முதல் வழி. தொட்டிக்குள் தண்ணீரைச் சூடாக்கும் சுருள் குழாய் ஹீட் பம்புக்கென்றே செய்த பெரிய சுருளாக இருக்கட்டும்.

ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் மிச்சம்தானே? அதற்குப் பெரிய சைஸ் வேண்டுமா?

சரியான சைஸில் வாங்கியவர்கள் இந்தப் பாய்லர் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். உதாரண வீட்டில் 5 கிலோவாட் இயந்திரம் இருந்தால், மைனஸ் 2ல் இழப்பு போக மிச்சம் 1.6 கிலோவாட்தான். கனமான செங்கல் வீடு ராத்திரியில் 4 டிகிரி இறங்கினால் அதைத் திரும்ப ஏற்ற அரை நாளுக்கு மேல் போகும். காலையில் சீக்கிரம் ஏற்ற வேண்டுமென்று தண்ணீர் வெப்பநிலையைக் கூட்டினால் மிச்சப்படுத்தியதும் போய்விடும். ஓரிரு டிகிரி இறக்குவது பரவாயில்லை. மற்றபடி தொடர்ந்து மெதுவாக ஓடட்டும்.

சரியாக வாங்கி, ஒரு வருஷம் பயங்கரக் குளிர் வந்துவிட்டால்? குழந்தைகள் இருக்கிற வீடு.

நியாயமான பயம். எண்ணை வைத்தே பார்ப்போம். உதாரண வீட்டில் மைனஸ் 8 வந்தால் தேவை 4.3 கிலோவாட். இயந்திரம் அந்தக் குளிரில் 4 மட்டும் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு 20லிருந்து மெல்ல மெல்ல இறங்கி 18ல் நிற்கும். அதுவும் அந்தக் குளிர் நாள்கணக்கில் நீடித்தால்தான். சுவர்கள் தேக்கி வைத்த வெப்பம், சமையல், ஆளுக்கு சுமார் 100 வாட் வீதம் நாம் தரும் வெப்பம், எதையும் கணக்கில் சேர்க்கவில்லை.

பல இயந்திரங்களில் மின்சாரத் துணை ஹீட்டர் ஒன்று உள்ளேயே இருக்கும். அந்தச் சில நாள் ராத்திரி அது கொஞ்ச நேரம் ஓடினால் ஆகும் செலவு மிகச் சிறியது. மைனஸ் 20, 30 சர்வசாதாரணமான இடங்களில் ஹீட் பம்பை வேண்டுமென்றே சற்றுச் சிறியதாக எடுத்து, மீதிக்குத் துணை ஹீட்டரை நம்புவதும் நடைமுறையில் உண்டு. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் இடம் என்றால் அது வேறு கவலை. பெரிய ஹீட் பம்பும் அப்போது உதவாது.

ஏசி மாதிரி நேராகக் காற்றைச் சூடாக்கும் வகை வாங்குகிறோம். டன் என்கிறார்களே?

1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட். வெப்ப இழப்புக் கணக்கு அதேதான், ஆனால் அறை அறையாகப் பார்க்க வேண்டும். ஒரு வெளி யூனிட்டில் நாலைந்து உள் யூனிட்டை மாட்டும்போது கவனம் தேவை. ராத்திரி ஒரே படுக்கையறை மட்டும் ஓடினால், வெளி யூனிட்டின் குறைந்தபட்ச அளவே அந்த அறைக்கு அதிகமாகிவிடும். மேலே சொன்ன நின்று கிளம்பும் தொல்லை இங்கே இன்னும் மோசமாக வரும். முக்கியமான அறைகளுக்கு ஒரு வெளி யூனிட், ஒரு உள் யூனிட் என்று தனித்தனி ஜோடி பல நேரம் நல்லது.

வெயில் காலத்தில் குளிரூட்டவும் இதே இயந்திரம் என்றால் இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் போடுங்கள். புழுக்கமான இடத்தில் மிகப் பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரம் அப்படியே இருக்கும், உடம்பு பிசுபிசுக்கும்.

இரண்டு வருஷத்தில் சுவருக்கு இன்சுலேஷன் செய்வதாக இருக்கிறோம். இப்போது எந்த சைஸ்?

உறுதியாகச் செய்வீர்கள் என்றால், செய்து முடித்த பிறகு வரும் இழப்புக்கு வாங்குங்கள். இடைப்பட்ட இரண்டு குளிர்காலத்தைத் துணை ஹீட்டரோ பழைய அடுப்போ சமாளிக்கும். ஹீட் பம்ப் 15, 20 வருஷம் ஓடக்கூடியது. இரண்டு வருஷத்துக்காக அத்தனை வருஷமும் பெரியதை வைத்துக்கொள்ள வேண்டாம். செய்வோமா மாட்டோமா என்று ஊசலாடுகிறவர்கள் இன்றைய வீட்டுக்கே கணக்குப் போடுங்கள்.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் 5, ஒருவர் 8, ஒருவர் 12 என்கிறார். யாரை நம்புவது?

ஆளைப் பார்க்காமல் தாளைப் பாருங்கள். அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். அதில் வெளி வெப்பநிலை, காற்று மாறும் வேகம், சுவரின் யூ மதிப்பு, தண்ணீர் வெப்பநிலை ஆகியவை என்னவென்று வரிசையாக ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கே வந்தது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் காற்றில் கொஞ்சம், பத்திரத்துக்கு என்று 15 சதவீதம், அடுத்த சைஸுக்கு ஏற்றியதில் கொஞ்சம், இப்படி மேலே மேலே அடுக்கியிருப்பார்கள். பிறகு பில் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். அளவெடுக்காமல் வாசலில் நின்றே எண் சொன்னவர் தாளைத் தரமாட்டார்.

ஏற்கனவே பெரியதை வாங்கிப் பொருத்திவிட்டோம். இப்போது என்ன செய்யலாம்?

மாற்றத் தேவையில்லை, தொல்லையை நன்றாகக் குறைக்கலாம். ரேடியேட்டர் வால்வுகளை எல்லாம் திறந்து, வீடு முழுவதையும் ஒரே வட்டமாக ஓட விடுங்கள். அறைகளை மூடினால் சுழலும் தண்ணீர் குறைந்து இயந்திரம் இன்னும் அடிக்கடி நிற்கும். வெளிக் குளிருக்கு ஏற்பத் தண்ணீர் வெப்பநிலையை மாற்றும் வசதியை இயக்கி, வீடு வேண்டிய வெப்பத்தில் நிற்கும் வரை அதைப் படிப்படியாக இறக்குங்கள். கம்ப்ரஸர் நிற்பதற்கும் கிளம்புவதற்கும் நடுவே உள்ள டிகிரி இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்து போதவில்லை என்றால், திரும்பும் குழாயில் ஒரு சிறு தொட்டியைச் சேர்த்துத் தண்ணீரின் அளவைக் கூட்டலாம். போகும் தண்ணீரையும் திரும்பும் தண்ணீரையும் கலக்கவிடும் நான்கு குழாய்த் தொட்டியைத் தவிர்ப்பது நல்லது. அது அறைக்குப் போகும் தண்ணீரைக் குளிர்வித்து, இயந்திரத்தை இன்னும் சூடாக ஓட வைத்துவிடும்.